விளிம்பு

மைதானத்துக்கு இரண்டு வாசல்கள்.
கூலி வாங்காமல் ஆடும் எங்களுக்கு
மரப்படியும் வெள்ளைக் கைப்பிடியும்.
கூலிக்கு ஆடுகிறவர்களுக்கு
குதிரை லாயத்தை ஒட்டிய சந்து.
ஆட்ட அட்டையிலும் அப்படித்தான்:
ஈ. எல். பென்ரடக் என்று
அவருக்கு இரண்டு முதலெழுத்துகள்.
பந்து வீசியவன் வெறும் ஸ்பென்ட்லவ்.
தாய் இட்ட பெயரை
அச்சுக்கோப்பவர் கேட்டதே இல்லை.

எழுபத்தொன்று, ஆகஸ்ட், இரண்டாம் நாள்.
நான் உதவிக் குரு. புது மீசை.
எதிர்முனையில் நின்றேன்.
எவெராட் பதினோரு ஓட்டம் எடுத்திருந்தார்.
ஸ்பென்ட்லவ் ஆறு பேரை அனுப்பிவிட்டான்;
ஏழாவது ஆளும் விழுந்தால்
கூலிக்கு மேல் ஒரு சவரன்.

காலுறை நெய்யும் ஊர்க்காரன்.
தறியில் கூனிப்போன முதுகு
பந்தை விடும் நொடியில் மட்டும் நிமிரும்.
அந்தப் பந்து
உள்ளே வருவதுபோல் வந்து
மனம் மாறி வெளியே போனது.

உலர்ந்த சுள்ளியை
யாரோ இரண்டு விரலால் ஒடித்தார்கள்.

விக்கெட் காப்பாளர் கத்தினார்.
நடுவருக்கு வைக்கோல் காலத்துத் தும்மல்;
கைக்குட்டையை விலக்கி
"எனக்குக் கேட்கவில்லை" என்றார்.
கனவான் என்றால்
அதற்குள் பாதி தூரம் நடந்திருக்க வேண்டும்.
எவெராட் மட்டை நுனியால்
ஒரு புல்லைத் தட்டிச் சமன்செய்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
நான் என் காலணிக் கயிற்றைப் பார்த்தேன்.

ஸ்பென்ட்லவ் பந்தைக் கால்சட்டையில் துடைத்தபடி
"துரதிர்ஷ்டம், ஐயா" என்றான்.
யாருடையது என்று சொல்லவில்லை.

எண்பத்தெட்டு.
சீமாட்டிகள் குடைகளைச் சுழற்றினார்கள்.
கூலி வாங்காதவருக்குப் பயணப்படி என்று
மாலையில் ஓர் உறை வந்தது,
ஸ்பென்ட்லவின் கூலியைப்போல் மூன்று மடங்கு.
எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வதுதான்
எங்கள் வழக்கம்.

அடுத்த கோடையில் அவர் ஆட வரவில்லை.
முழங்கால் என்றார்.
பிறகு கல்யாணம், ஆப்பிள் தோட்டம், வேட்டைநாய்கள்,
மாஜிஸ்திரேட் நாற்காலி.
முயல் திருடியவனுக்குப் பதினான்கு நாள் போட்டுவிட்டு
அவன் வீட்டுக்கு நிலக்கரி அனுப்புவார்.
கிறிஸ்துமஸ்தோறும் நாட்டிங்காமுக்கு
ரயிலேறிப் போகும்
உப்பிட்டுப் புகையூட்டிய ஒரு பன்றித்தொடை.
கடிதம் கிடையாது.
பதிலுக்கு ஒரு துண்டுச்சீட்டு:
ஒரு தொடை. வந்து சேர்ந்தது. ஸ்பென்ட்லவ்.

எங்களுக்குள் அதைப் பேசியது ஒரே ஒருமுறை,
டான்டன் ரயிலில், குகைக்குள் நுழைந்தபோது.
"அன்றைக்குக் காற்று அதிகம், இல்லையா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
வெளிச்சம் வந்ததும்
கோதுமை விலையைப் பற்றிப் பேசினோம்.

போன மார்ச்சில் அவரைப் புதைத்தேன்.
மேசை இழுப்பறையில்
காலணிக் கயிற்றால் கட்டிய முப்பத்தொரு சீட்டுகள்.
கல்லில் பெயருக்குக் கீழே
எண்பத்தெட்டு என்று பொறிக்க வேண்டும் என்றார் விதவை.
கல்தச்சன் உளியை எடுத்துக்கொண்டு கேட்டான்:
"எண் சரிதானே, ஃபாதர்?
அழிக்க முடியாது."
"அட்டையில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.
எட்டு வளைவான எழுத்து;
ஒவ்வொன்றுக்கும் அரைநாள் ஆயிற்று.

டிசம்பர் வந்தது.
கசாப்புக் கடைக்காரன் வழக்கமான தொடையைத் தொங்கவிட்டு
யார் கணக்கில் என்று விழித்தான்.
நான் பணம் கொடுத்தேன்.
பொட்டலத்தில் பெயர் எழுதவில்லை.

எட்டாம் நாள் குருமனைக்கு வந்த உறையில்
என் பெயர், முதலெழுத்துகளோடு.
உள்ளே அதே அளவு சீட்டு.
நடுங்கிய கை, ஆனாலும் கோணாத வரி.
எழுதியிருந்தார்:

ஒரு தொடை. வந்து சேர்ந்தது.
எதிர்முனையில் நின்றவர்
நீங்கள்தானே, ஐயா?
ஜாப் ஸ்பென்ட்லவ்.